பாதத்தில் இருந்த செல் தொடை இடுக்குக்கு எப்படிப் போனது?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு படிவம் 6 மாணவர் கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா பல வருடம் பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனையில் குலை அறுத்தவர். வலது உள்ளங்காலில் கறுப்பாக ஒரு தடிப்பு வந்தது. கால் ஆணி என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மேலாக ஆணிப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள். இப்போதுதான் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. தொடை இடுக்கில் வந்த நெறிக்கட்டியிலும் அதே செல்கள். மாணவரின் கேள்வி இது: "காலில் இருந்த கட்டியிலும் நெறிக்கட்டியிலும் ஒரே மரபணு மாற்றம்தான் என்று டாக்டர் சொன்னார். புதிதாக எதுவும் மாறவில்லை என்றால், பாதத்தில் இருந்த செல்லுக்கு இடம் பெயரும் சக்தி எங்கிருந்து வந்தது?"

தம்பி, தாத்தாவைப் பற்றிப் படித்ததும் மனம் கனத்துப் போனது. நானும் பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். முப்பது வருடம் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் திசுக்களை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி டாக்டரிடம் கொடுக்கும் வேலை பார்த்தேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அந்த முப்பது வருடமும் என் மண்டையைக் குடைந்த கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தாத்தாவிடம் பெரட்டைப் பற்றி, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பதைப் பற்றிக் கேளுங்கள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வந்து நிற்பார்கள். செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேர் பெயரும் இருக்கும். ஆனால் அன்றைக்கு யார் எந்த நிரைக்குப் போவது, யார் புல்லுக்கு மருந்து அடிப்பது, யார் ஸ்டோரில் நிற்பது என்பதை செக்ரோலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. காலையில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் யாரை எதற்குக் கூப்பிடுகிறார் என்பதில்தான் அது இருக்கிறது. மழை பெய்தால் வெட்டே கிடையாது. ஆட்கள் அதே ஆட்கள், செக்ரோல் அதே செக்ரோல், நடக்கிற வேலை மட்டும் வேறு.

உங்கள் தாத்தாவின் ஈரல் செல்லிலும் கண் செல்லிலும் பாதத்துத் தோல் செல்லிலும் அதே ஏறத்தாழ 20,000 மரபணுக்கள்தான் இருக்கின்றன. ஈரல் ஈரலாக இருப்பது, அங்கே கூப்பிடப்படும் பெயர்கள் வேறு என்பதால். இதைத்தான் மரபணு ஒழுங்குபடுத்தல் என்கிறோம். 1961இல் பாரிஸில் ஜாக்கப், மோனோ இருவரும் பாக்டீரியா லாக்டோஸ் சர்க்கரையைப் பார்த்ததும் எப்படிச் சில மரபணுக்களை எழுப்புகிறது என்று விளக்கினார்கள், 1965இல் நோபல் பரிசு கிடைத்தது. லாக் ஓப்பரான் என்று அது உங்கள் பாடத்திலும் வந்திருக்கும். நம் செல்லில் அந்த மண்டோர் வேலையைச் செய்வது படியெடுப்புக் காரணிகள் எனப்படும் புரதங்கள். டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் வந்து ஒட்டிக்கொண்டு, பக்கத்து மரபணுவை எழுப்பும், அல்லது தூங்க வைக்கும்.

மெலனோமாவில் ஒரு செல் பரவத் தொடங்கும்போது பெரும்பாலும் மாறுவது இந்தக் கூப்பாடுதான். பரவிய கட்டிகளில் கூடுதல் மாற்றங்கள் சில இருக்கவே செய்யும். ஆனால் இதுதான் பரவலை உண்டாக்கும் மரபணு மாற்றம் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும்படி ஒன்று, இத்தனை வருடம் தேடியும் கிடைக்கவில்லை. உங்கள் டாக்டர் சொன்னது சரி.

மாற்றம் மட்டும் போதாது என்பதற்கு நம் உடம்பே சாட்சி. மெலனோமா கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் பி-ராஃப் என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதை 2002இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் 600ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிடுகிறது, செல்லுக்குப் 'பெருகு, பெருகு' என்ற உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் அடுத்த வருடமே தெரிய வந்தது என்ன தெரியுமா? சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் இதே மாற்றம் இருக்கிறது. அந்த மச்சங்கள் அறுபது எழுபது வருடம் அப்படியே இருந்துவிட்டு, மனிதரோடு சேர்ந்து போய்விடுகின்றன.

இதைவிட அழுத்தமான சாட்சி ஸீப்ரா மீன். போஸ்டனில் லியோனார்ட் ஸோன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், நிறமிச் செல்கள் எல்லாவற்றிலும் மாறிய பி-ராஃப் இருக்கும்படியும், காவல் மரபணுவான பி53 இல்லாதபடியும் மீன்களை வளர்த்தார்கள். அப்படியென்றால் மீன் முழுக்கப் புற்றாகியிருக்க வேண்டும். ஆனால் ஒரு மீனுக்கு ஒன்று இரண்டு கட்டிகளே வந்தன. எந்தச் செல் கட்டியாகிறது என்று பார்க்க, கரு நிலையில் மட்டும் வேலை செய்கிற கிரெஸ்டின் என்ற மரபணு எழுந்தால் பச்சையாக ஒளிரும்படி செய்து வைத்தார்கள். எல்லாச் செல்லும் இருளில் இருக்க, எங்கோ ஒரு செல் மட்டும் பச்சையாக மின்னியது. பெரும்பாலும் அந்தச் செல்லே பிறகு கட்டியாக வளர்ந்தது. 2016இல் வந்த ஆய்வு இது. அந்த ஒற்றைப் பச்சைப் புள்ளியின் படத்தை முதன்முதலில் பார்த்த அன்று ஆய்வுக்கூடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாச் செல்லுக்கும் ஒரே குறை. ஆனால் கரு நிலையில் தூங்கப் போன ஒரு பெயரை மறுபடி கூப்பிட்ட செல்தான் புற்றாகிறது.

கரு நிலை ஏன் முக்கியம் என்றால், நிறமிச் செல் தோலில் பிறந்ததே அல்ல. கரு உருவான சில வாரங்களில், முதுகுப் பக்கம் நரம்புக் குழாய் மூடுகிற விளிம்பில் நரம்பு முகடு என்று ஒரு செல் கூட்டம் தோன்றுகிறது. அந்தக் கூட்டம் ஒட்டியிருந்த இடத்தை விட்டுப் பிரிந்து, உடம்பெங்கும் ஊர்ந்து போகிறது. சில செல்கள் முகத்து எலும்பாகின்றன, சில குடலின் நரம்பாகின்றன, சில தோலுக்கு வந்து நிறமிச் செல்லாக நிலைகொள்கின்றன. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, அங்கிருந்து இந்தத் தோட்டங்களுக்கு வந்து லயத்தில் தங்கிவிட்டது போல. வந்த பிறகு பயணம் முடிந்தது. பயணத்துக்கு வேண்டிய மரபணுக்கள் அழியவில்லை, அவற்றைக் கூப்பிடுவது மட்டும் நின்றது. தோலில் இருக்கும் மற்ற செல்களின் புற்றைவிட நிறமிச் செல்லின் புற்று இவ்வளவு சீக்கிரம் ஊர் மாறுவதற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். தோலின் அடிச்செல் புற்று வருடக்கணக்கில் வளர்ந்தாலும் இடம் விட்டுப் போவது மிக அபூர்வம். மெலனோமா சில மில்லிமீட்டர் தடிப்பிலேயே கிளம்பிவிடுகிறது.

தோலில் நிறமிச் செல் தனியாக இருப்பதில்லை. ஒரு நிறமிச் செல் தன் கிளைகளை நீட்டி, ஏறத்தாழ 36 தோல் செல்களுக்கு மெலனின் கொடுக்கிறது. (கறுப்பானவர்களுக்கு நிறமிச் செல் அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். செல்லின் எண்ணிக்கை எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அது செய்யும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு.) அந்தத் தோல் செல்கள் நிறமிச் செல்லை ஈ-கேடெரின் என்ற புரதத்தால் கைகோர்த்துப் பிடித்து வைத்திருக்கின்றன. பிடிக்கிற வரைக்கும் அது அடங்கியிருக்கும். பரவும் மெலனோமாவில் ஈ-கேடெரினைக் கூப்பிடுவது நின்று, அதற்குப் பதில் என்-கேடெரின் வருகிறது. அது தோல் செல்லை விட்டுவிட்டு, உள்தோலில் இருக்கும் நார்ச் செல்களோடும் இரத்தக் குழாய்ச் செல்களோடும் கைகோர்க்க வைக்கிறது. டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தும் மாறாமலே மேலே இருந்த பிடி விட்டு, கீழே புதுப் பிடி கிடைத்துவிடுகிறது.

இந்த மாற்றத்துக்கு உத்தரவு போடுவது யார்? 2013இல் பிரான்சின் லியோன் நகரத்து ஆய்வாளர்கள் காட்டியது இது: சாதாரண நிறமிச் செல்லில் செப்2, ஸ்லக் என்ற இரண்டு காரணிகள் இருக்கின்றன. மோசமாகும் மெலனோமாவில் அவை குறைந்து, செப்1, ட்விஸ்ட் என்ற வேறு இரண்டு அந்த இடத்துக்கு வருகின்றன. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி போல இருக்கின்றன, செய்வதோ நேர் எதிர் வேலை. மண்டோர் மாறினால் வேலை மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி எம்ஐடிஎஃப். இதை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை.

எம்ஐடிஎஃப் நிறமிச் செல்லின் பெரிய மண்டோர். மெலனின் செய்யும் மரபணுக்களைக் கூப்பிடுவது அது, செல் பிழைத்திருக்கவும் பெருகவும் வேண்டியவற்றைக் கூப்பிடுவதும் அது. எம்ஐடிஎஃப் நிறைய இருந்தால் மெலனோமா செல் பெருகும், ஆனால் அதிகம் நகராது. குறைந்தால் பெருகுவது மெதுவாகும், நகர்வதும் திசுவைத் துளைப்பதும் கூடும். அப்படிக் குறைந்த செல்களில், வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை வாங்கும் ஆக்சல் என்ற ஏற்பிப் புரதம் அதிகமாகிறது. ஆக, ஒரே கட்டிக்குள் பெருகும் செல்கள் ஒரு பக்கம், பயணம் போகும் செல்கள் ஒரு பக்கம். இரண்டும் ஒரே தாய்ச் செல்லின் பிள்ளைகள்.

என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். மெலன்-ஏ என்ற புரதத்துக்குச் சாயமேற்றினால் மெலனோமா செல் பழுப்பாகத் தெரியும். அந்தப் புரதத்தை உண்டாக்கச் சொல்வது எம்ஐடிஎஃப். சில தகடுகளில் ஒரு பாதி கடும் பழுப்பாக இருக்கும், அடுத்த பாதி வெளுத்துக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் சரியாகச் சாயமேற்றவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி செய்வேன். மறுபடியும் அதே இடம் வெளுப்பு. பிறகு சாக்ஸ்10 சாயம் போட்டால், நரம்பு முகட்டுக் காலத்திலிருந்தே இருக்கும் அந்தக் காரணி பெரும்பாலும் இரண்டு பக்கமும் தெரியும். எல்லாம் மெலனோமாதான், ஒரு பகுதி மட்டும் தன் நிறமிச் செல் வேலையைக் கைவிட்டிருக்கிறது. தகட்டைச் சரிபார்க்கும் மூத்த டாக்டர்தான் எனக்கு இதை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்.

இது ஒருவழிப் பாதை இல்லை. 2008இல் சூரிக் நகரத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பெருகும் வகைச் செல்லைச் சில எலிகளுக்கும் நகரும் வகைச் செல்லைச் சில எலிகளுக்கும் செலுத்தினார்கள். முதல் வகை சீக்கிரம் கட்டியானது, இரண்டாவது வகைக்கு நாளானது. ஆனால் கடைசியில் எடுத்துப் பார்த்தால் எல்லாக் கட்டியிலும் இரண்டு வகையும் கலந்தே இருந்தன. நகரும் செல் போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி பெருகும் செல்லாகிவிடுகிறது. தாத்தாவின் காலிலிருந்து நிணநீர் வழியாகப் போன செல், நெறிக்கட்டியில் போய் உட்கார்ந்து பழைய வேலையை மறுபடி எடுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் இரண்டு இடத்துச் செல்லும் ஒன்றுபோலத் தெரிகின்றன. மரபணு எழுத்தில் வந்த மாற்றம் என்றால் இப்படித் திரும்பி வர முடியாது.

கூப்பாடு மாறக் காரணம் என்ன என்று கேட்பீர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை என்றேனே, அப்படித்தான். கட்டி தடித்து நடுவில் ஆக்சிஜன் குறைந்தால், சுற்றிலும் அழற்சி வந்தால், அக்கம்பக்கத்துச் செல்கள் சில சமிக்ஞைகளை விட்டால், எம்ஐடிஎஃப் குறையத் தொடங்குகிறது. உத்தரவு ஒரு மட்டத்தில் மட்டும் வருவதில்லை. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருளைகளை இறுக்கி ஒரு பகுதியையே மூடிவைக்கலாம். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற சின்னத் துண்டுகள், கூப்பிட்ட பிறகும் வேலையைத் தடுத்துவிடலாம். மைக்ரோ ஆர்.என்.ஏ. 211 நிறமிச் செல்லில் நிறைய உண்டு, செல் திசுவைத் துளைப்பதை அது தடுக்கிறது, பல மெலனோமாக்களில் அது குறைந்துவிடுகிறது. இந்தச் சின்னத் துண்டுகளைக் கண்டுபிடித்த அம்ப்ரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024இல் நோபல் கொடுத்தார்கள்.

மரபணுவின் உள்ளே எதுவும் கெடாமல், அதன் சுவிட்சு மட்டும் கெடுவதும் உண்டு. 2013இல் இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் இதைச் சொன்னார்கள். டெலோமெரேஸ் என்ற நொதியைச் செய்யும் டெர்ட் மரபணுவுக்கு முன்னால் 124, 146 எழுத்துகள் தள்ளி இருக்கும் இடங்களில் ஓர் எழுத்து மாறினால் போதும், ஒரு படியெடுப்புக் காரணி வந்து உட்காரப் புது இடம் கிடைத்துவிடுகிறது. தூங்க வேண்டிய டெர்ட் விழித்துக்கொள்கிறது, செல்லுக்கு வயதாகாமல் போகிறது. வெயில் பட்ட தோலின் மெலனோமாவில் இது மிக அதிகம், பாதத்தில் குறைவு.

பாதம் என்றதும் இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் போன்ற தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா அபூர்வம், ஆனால் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகக்கண் இந்த மூன்றில் வருவதுதான் அதிகம். வெயிலே படாத இடங்கள். இந்த வகைக்கு 1976இல்தான் தனிப் பெயர் வைத்தார்கள். பாடகர் பாப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்ததும் கால் விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமாவால்தான். இதில் பி-ராஃப் மாற்றம் குறைவு, சிலருக்கு கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். ஏன் பாதத்துக்கு மட்டும் தனிக் கணக்கு? நியூயார்க்கில் ரிச்சர்ட் ஒயிட்டின் குழு 2022இல் ஒரு விடை கொடுத்தது. செல்லுக்குத் தான் உடம்பில் எங்கே இருக்கிறோம் என்ற விலாசத்தைச் சொல்வது ஹாக்ஸ் மரபணுக்கள். கை கால் நுனியில் இருக்கும் செல்களில் ஹாக்ஸ்13 விழித்திருக்கும். அது இன்சுலின் போன்ற ஒரு வளர்ச்சிச் சமிக்ஞையை ஏற்கெனவே தூக்கி வைத்திருப்பதால், சி.ஆர்.கே.எல். என்ற மரபணு அளவுக்கு மீறினால் அங்கே மட்டும் புற்று வளர வாய்ப்பாகிறது. மீனில் சோதித்தபோது, நம் கை கால் போல அதற்கு இருக்கும் துடுப்பில் கட்டி வந்தது, உடம்பில் அதிகம் வரவில்லை. அதாவது ஒரே கெடுதல் முதுகுச் செல்லை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டு, பாதத்துச் செல்லைக் கெடுக்க முடியும், அந்தச் செல் எந்த ஊரில் குடியிருக்கிறது என்பதைப் பொறுத்து.

சரி, இதெல்லாம் தாத்தாவுக்கு என்ன உதவும்?

முதலில் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். மரபணு என்ற சொல்லைக் கேட்டதும் பரம்பரை நோய், பிள்ளைகளுக்கு வரும், கல்யாணத்துக்குக் கேடு என்று நம்மவர்கள் பயந்துபோவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே பேசுவது தாத்தாவின் பாதத்தில் ஒரு செல்லில், அவர் வாழ்நாளில் நடந்த மாற்றத்தை. பாதத்து மெலனோமா பொதுவாகக் குடும்பத்தில் இறங்கி வருவதில்லை. அவரோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், காலைக் கழுவி விடலாம்.

அடுத்தது மருந்து. மாறிய பி-ராஃபை அடக்கும் வெமுராஃபெனிப் 2011இல் வந்தது. கட்டிகள் கண்முன்னே சுருங்கின. ஆனால் பலருக்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்தது. 2017இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அர்ஜுன் ராஜின் குழு ஏன் என்று பார்த்தது. மருந்து கொடுப்பதற்கு முன்பே, ஆயிரக்கணக்கான செல்களில் ஏதோ சிலவற்றில் ஆக்சல் போன்ற மரபணுக்கள் சிறிது நேரம் விழித்து, பிறகு தூங்குகின்றன. மருந்து வரும் நேரத்தில் விழித்திருந்த செல் பிழைத்துக்கொள்கிறது. பிறகு மருந்தே அந்த நிலையை நிரந்தரமாக்கிவிடுகிறது. நோய் எதிர்ப்புச் சிகிச்சையிலும் இதே சிக்கல் உண்டு. ஆலிசன், ஹோன்ஜோ இருவருக்கும் 2018இல் நோபல் வாங்கித் தந்த வழி அது, நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி செல்களின் கட்டை அவிழ்த்துவிடுவது. சில டி செல்கள் மெலனோமாவை மெலன்-ஏ போன்ற அடையாளத்தை வைத்தே கண்டுபிடிக்கின்றன. என் தகட்டில் வெளுத்துக் கிடந்த செல்கள் அவற்றின் கண்ணிலிருந்து நழுவிவிடும். பாதத்து வகையில் இந்தச் சிகிச்சையின் பலன் மற்றதைவிடக் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஆனால் பலன் பெறுகிறவர்களும் இருக்கிறார்கள், கேட்காமல் விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இரண்டைக் கேளுங்கள்: கட்டி எத்தனை மில்லிமீட்டர் தடிப்பு, பி-ராஃப், கிட் இரண்டும் பரிசோதிக்கப்பட்டனவா.

மரபணுவைத் திருத்தும் மூலிகைப் பொடி என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாங்காதீர்கள். செல்லுக்குள் நூற்றுக்கணக்கான காரணிகள் சேர்ந்து நடத்தும் ஒரு விஷயம், ஒரு கரண்டிப் பொடிக்கு அடங்காது. தாத்தாவின் சேமிப்பைப் பிடுங்கிக்கொள்கிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு.

மில்லிமீட்டர் கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிரெஸ்லோ என்ற மருத்துவர் 1970இல், கட்டி தோலுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் கதியை அதிகம் சொல்கிறது என்று காட்டினார். இன்றும் அந்த அளவுதான். முதலில் செல்கள் மேல்தோலிலேயே பக்கவாட்டில் பரவுகின்றன, பிடி விட்ட பிறகே கீழே இறங்குகின்றன. ஒரு மில்லிமீட்டருக்குள் வெட்டி எடுத்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். தாத்தா ஆணிப் பிளாஸ்திரி ஒட்டிய அந்த ஒரு வருடத்தில்தான் கூப்பாடு மாறியிருக்கும். அவரையோ பாட்டியையோ குறை சொல்லாதீர்கள், காலில் கறுப்பாக வந்தால் ஆணி, முள் என்றே நாம் எல்லாரும் நினைப்போம்.

ஆகவே அவரோடு வேலை செய்தவர்கள் இன்னும் ஊரில் இருந்தால், சாயங்காலம் கோயில் பக்கம் உட்கார்ந்திருக்கும்போது அவர்களுடைய உள்ளங்காலை ஒரு முறை பாருங்கள். முள் குத்திய கறை, இரத்தக்கட்டு என்றால் தோல் வளர வளர ஒன்றிரண்டு மாதத்தில் மேலே வந்து உதிர்ந்துவிடும். உதிராமல் பெரிதாகும் கறுப்பு, ஓரம் கோணலான கறுப்பு, ஆறாத புண், நகத்தில் அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோடு இவை வேறு. உள்ளங்காலில் கைரேகை போல வரிகள் உண்டல்லவா? சாதாரண மச்சத்தின் கறுப்பு பெரும்பாலும் வரியின் பள்ளத்தில் நிற்கும், மெலனோமாவின் கறுப்பு மேட்டில் ஏறும் என்று ஜப்பானிய மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். தோல் மருத்துவர் ஒரு சின்ன பூதக்கண்ணாடியை வைத்து இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார். அதுவரை சுரண்ட வேண்டாம், ஆணி மருந்து போட வேண்டாம், கிளினிக்கில் செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.